செத்துக் கிடந்தவனுக்கு ஒரு சால்வை

நான் ஓபரா பாடகன். காரிமங்கலம் பக்கம் இதைச் சொன்னால் யாரும் ‘அப்படியா’ என்று கேட்பதில்லை. ‘சரி, வேலை?’ என்றுதான் கேட்பார்கள். இதுதான் வேலை என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டவர் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்ப்பார். அப்பா தக்காளிக் காட்டைப் பார்ப்பார். அங்கே எப்போதும் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும்.

ஓபரா என்றால் என்ன என்று அம்மாவுக்கு ஒருமுறை உட்கார்ந்து விளக்கினேன். நாடகம், ஆனால் முழுக்கப் பாட்டு. குடிக்கத் தண்ணீர் கேட்பதானாலும் பாடித்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும் இத்தாலிய மொழி. மைக் கிடையாது. பின்னால் முப்பது பேர் வாத்தியம் வாசிப்பார்கள், அதையும் தாண்டி நம் குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“மைக் செட்டு வெக்கறதுக்குக் கூட வக்கில்லாத கம்பெனியாடா அது?” என்றார்.

எங்கள் ஊர் மாதா கோயில் பாட்டுக் குழுவில்தான் ஆரம்பித்தேன். ஆரம்பித்தேன் என்பதைவிட அங்கிருந்து தள்ளிவிடப்பட்டேன் என்பது சரி. பத்துப் பேர் சேர்ந்து பாடினால் என் குரல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பூசைக்கான வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை என்னை மைக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவைத்து, கடைசியில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அப்போதும் என் குரல்தான் கேட்டது. பெங்களூருக்குப் படிக்கப் போய், அங்கே ஒரு தேவாலயத்தில் பாடியபோதுதான், இப்படிப்பட்ட குரலுக்கென்றே ஒரு தொழில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்தத் தொழிலில் சம்பளம் இருக்காது என்பதையும் கையோடு சொல்லியிருக்கலாம்.

சம்பளத்துக்கு வேறு வழி பார்த்துக்கொண்டேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குழந்தைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தந்தேன். நட்சத்திர ஹோட்டல் கல்யாணங்களில், ஜனங்கள் பனீர் டிக்கா தின்றுகொண்டிருக்கும்போது ஓரமாக நின்று பாடினேன். காதலி கைவிட்டுப் போனதால் விஷம் குடிக்கப் போகிறேன் என்பது பாட்டின் பொருள். மணமக்கள் மேடையிலிருந்து சந்தோஷமாகக் கையசைப்பார்கள். இத்தாலிய மொழி யாருக்கும் தெரியாமல் இருப்பதில் இப்படிச் சில வசதிகள் உண்டு.

ஊருக்கு வந்தால் பயிற்சி செய்ய இடம் இருக்காது. வீட்டில் பாடினால் நாய் படுத்த இடத்திலிருந்து எழுந்து ரோட்டுக்குப் போய்விடும். அதனால் காட்டில் மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவேன். முதல் நாளே பக்கத்துக் காட்டுக்காரர் கையில் மூங்கில் கழியோடு ஓடிவந்து கதவை உதைத்துத் திறந்தார். மோட்டாரில் கரண்ட் அடித்து நான் கத்துகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் நலமாக நிற்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் நிம்மதி வந்தது. பாடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னதும் அந்த நிம்மதி போய்விட்டது.

பெங்களூரில் இருக்கும் ஒரு சிறிய ஓபரா குழுவில் நான்கு வருடமாக இருந்தேன். கும்பலில்தான். ஒரு வருடம் குடிமக்களில் ஒருவன், ஒரு வருடம் கைதிகளில் ஒருவன், மற்ற இரண்டு வருடம் குடிகாரர்களில் ஒருவன். ஐந்தாவது வருடம் குழுவின் இயக்குநர் அம்மையார் என்னைக் கூப்பிட்டுத் தனி வேடம் ஒன்று கொடுத்தார். பெரிய வீட்டுக் காவல்காரன். முதல் காட்சியில் வருவேன். ‘யார் நீ, நில், உள்ளே போகாதே’ என்கிற மாதிரி ஆறு வரி தனியாகப் பாடுவேன். உடனே கதாநாயகன் என்னைக் கத்தியால் குத்திவிடுவான்.

“இதை ஒழுங்காகச் செய். அடுத்த வருடம் பெரிய வேடம் கொடுக்கலாமா என்று இதை வைத்துத்தான் பார்ப்பேன்” என்றார் இயக்குநர்.

எனக்கு இருபத்தெட்டு வயது முடிந்திருந்தது. திரும்பவும் கும்பலில் நிறுத்தினால் இதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். மனதுக்குள்தான். வெளியே சொன்னால் அம்மா அன்றைக்கே தருமபுரியில் யாரிடமாவது சொல்லி ஒரு செல்போன் கடையில் சேர்த்துவிடுவார்.

வேடத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காட்சி முடியும்வரை திரை விழாது. ஆக, ஆறு வரி பாடிவிட்டு, அரை மணி நேரத்துக்கும் மேலாக மேடை நடுவில் பிணமாகக் கிடக்க வேண்டும். எத்தனையோ வருடமாக அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து நெஞ்சை விரித்துப் பாடக் கற்றவன், இப்போது மூச்சு விடுவது வெளியே தெரியாமல் கிடக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அது எனக்கு நன்றாகவே வந்தது. ஒத்திகையில் ஆறு வரியைப் பற்றி இயக்குநர் ஒன்றுமே சொல்லவில்லை. “நீ சாவது ரொம்ப இயல்பாக இருக்கிறது” என்றார். பாராட்டுக்கு ஏங்கியவன், அதையும் வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன்.

அங்கேதான் வினை வந்தது. தனி வேடம் என்றதும் அப்பா வேன் பேசிவிட்டார்.

எங்கள் ஊரில் ஒருவன் மேடை ஏறினால் சொந்தபந்தம் மொத்தமும் போக வேண்டும். திருவிழாவுக்கு வருடா வருடம் புனிதர் நாடகம் போடுவோம். நடிக்கிறவனுக்கு அவன் வீட்டார் மேடை ஏறிச் சால்வை போட்டாக வேண்டும். அதற்கென்று இடைவேளையெல்லாம் கிடையாது, எப்போது தோன்றுகிறதோ அப்போது ஏறுவார்கள். நாடகம் நிற்கும். மைக்கில் பெயரைச் சொல்வார்கள். நடிகன் கும்பிட்டு வாங்கிக்கொள்வான், நாடகம் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு வருடம் தலை வெட்டுப்பட்டுக் கிடந்த புனிதருக்கு அவர் மச்சான் சால்வை கொண்டுவந்தார். புனிதர் எழுந்து, கும்பிட்டு வாங்கி, யாரோ நீட்டிய சோடாவையும் குடித்துவிட்டுத் திரும்பப் போய் வெட்டுப்பட்ட இடத்தில் படுத்துக்கொண்டார். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. இன்னொரு வருடம், செத்தவனாக நடித்த ஒருவன் கண்ணை மூடியபடியே கிடந்துவிட்டான். ‘சால்வையோட வந்து நின்னவன மதிக்காம படுத்துக் கெடந்தான்’ என்று, சால்வை கொண்டுவந்த மாமனார் வீட்டாரும் அவன் வீட்டாரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

இது எல்லாம் தெரிந்தவன்தானே நான்? போனில் அப்பாவுக்கு ஒவ்வொன்றாக எச்சரிக்கை சொன்னேன். செல்போனை அணைத்துவிடுங்கள். நடுவில் விசில் கூடாது. அத்தை புளிச்சோற்று டப்பாவை உள்ளே திறக்கக் கூடாது. ஆறரைக்குச் சரியாக உட்கார்ந்துவிட வேண்டும், நான் ஆரம்பத்திலேயே வந்துவிடுவேன். அப்பா எல்லாவற்றுக்கும் “சரி கண்ணு, சரி கண்ணு” என்றார். சால்வையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அது வேறு உலகம், இது வேறு உலகம் என்கிற நினைப்பு. இத்தாலிய மொழியில் ஆறு வரி மனப்பாடம் ஆனதும் மூளை கொஞ்சம் வீங்கித்தான் போயிருந்தது.

அன்று சாயங்காலம் திரை இடுக்கில் எட்டிப் பார்த்தேன். என் சொந்தங்களுக்காகச் சொல்லிவைத்த இரண்டு வரிசையும் காலியாக இருந்தன. வேன் பெங்களூருக்குள் வந்து நெரிசலில் நிற்பதாக அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். நான் மேடைக்குப் போனேன், காலி நாற்காலிகளைப் பார்த்து என் ஆறு வரியையும் பாடினேன். நன்றாகவே பாடினேன் என்று நினைக்கிறேன். நாற்காலிகள் ஒன்றும் சொல்லவில்லை. கதாநாயகன் குத்தினான், சட்டைக்குள் வைத்திருந்த சிவப்புச் சாயப் பையை அழுத்திவிட்டுக் கீழே விழுந்து செத்தேன்.

செத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அரங்கத்தின் பின் கதவு திறந்தது. நான் கன்னத்தைத் தரையில் வைத்து, கூட்டத்தைப் பார்த்த மாதிரி கிடந்தேன். இமையை நூல் அளவு திறந்து பார்த்தால், இருட்டில் வரிசையாக ஆட்கள் குனிந்து குனிந்து வந்துகொண்டிருந்தார்கள். பட்டுப்புடவை சரசரத்தது. வேறு யாராக இருக்க முடியும்?

“எங்கடி அவன்?” இது அத்தை. மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு.

“அதோ, நடுவுல கெடக்கறான் பாரு.” இது அம்மா.

“ஏன் படுத்துனு இருக்கறான்?”

“செத்துட்டான் போல.”

“அதுக்குள்ளயா? நாம இன்னும் உக்காரவே இல்லியே.”

யாரோ ‘உஷ்’ என்றார்கள். நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்தவர்கள் நான் பாடியதில் ஒரு வரியைக்கூடக் கேட்கவில்லை. எழுந்து இன்னொரு முறை பாடிவிட்டுச் சாகலாமா என்று இருந்தது. அதற்குள் கதாநாயகி வந்து என் பக்கத்தில் மண்டியிட்டாள். அடுத்து அவளுடைய பெரிய பாட்டு. ஊரில் யார் செத்தாலும் அவளுக்குத் தன் காதலன் நினைவுதான் வரும், என் சாவும் அதற்குத்தான் பயன்பட்டது. அரங்கம் அமைதியாகிவிட்டது. நானும் மூச்சை அடக்கிக் கிடந்தேன்.

அப்போதுதான் இரண்டாவது வரிசையில் அப்பா எழுந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மடித்த சால்வை. ஜரிகை மேடை வெளிச்சத்தில் மின்னியது. எனக்குப் புரிந்துவிட்டது. பிணத்துக்கு வியர்க்கக் கூடாது, எனக்கு வியர்த்துக் கொட்டியது.

மேடைக்கு ஏறும் பக்கப் படியில் தன்னார்வலர் பெண் ஒருத்தி நின்றாள். அவளாவது தடுப்பாள் என்று நம்பினேன். எங்கள் இயக்குநருக்கு இந்தக் கதை நம் நாட்டில் நடக்கிற மாதிரி காட்ட வேண்டும் என்று ஆசை. அதனால் கும்பலில் பாதிப் பேருக்கு வேட்டிதான் உடை. அந்தப் பெண் அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள், நடிகர்களில் ஒருவர் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டாள்.

அப்பா மேடையில் நடந்து வந்தார். செருப்பைக் கீழேயே விட்டிருந்தார். கதாநாயகி அவரைப் பார்த்து ஒரு கணம் விழித்தாள், ஆனால் பாட்டை விடவில்லை. அப்பா என் அருகில் வந்து சால்வையை விரித்தார். தோளில் போட முடியாமல் கொஞ்சம் தயங்கினார். பிறகு குனிந்து, கழுத்திலிருந்து கால்வரை என்மேல் போர்த்திவிட்டார். போர்த்திவிட்டு நிமிர்ந்து நின்றார். நான் எழுந்து கும்பிடுவேன் என்று காத்திருந்தார்.

நான் எழவில்லை. மேடை ஓரத்து இருட்டில் இயக்குநர் நிற்பது தெரியும். எழுந்தால் நாடகம் நாசம், அடுத்த வருடம் என்று ஒன்று எனக்கு இருக்காது. கிடந்தால், வேன் வைத்துக்கொண்டு வந்த சொந்தங்கள் எல்லாருக்கும் முன்னால் சொந்த மகனே அப்பாவை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். பெங்களூர் போய்த் தலைக்கனம் ஏறிவிட்டது என்பார்கள். ஒரு பிணத்துக்கு இவ்வளவு யோசனை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்!

“எந்திரி கண்ணு, வாங்கிக்க” என்றார் அப்பா, மெதுவாக.

நான் அசையவில்லை. அவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். சால்வையைக் கொஞ்சம் விலக்கி என் நெஞ்சைத் தொட்டார். சாயம் விரலில் ஒட்டியது. அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சாயம் என்று அவருக்குத் தெரியும், வருடா வருடம் புனிதர் நாடகம் பார்க்கிற மனிதருக்கு அது தெரியாதா? ஆனாலும் என் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார்.

“டேய்... எந்திரிடா சாமி” என்றார். இந்த முறை அவர் குரல் வேறாக இருந்தது. அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

எழுந்துவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். ஓபராவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஆனால் எழுவதற்கு முன் என் கை தானாகவே போய்விட்டது. சால்வைக்கு அடியில், யாருக்கும் தெரியாமல், விரல்களை நகர்த்தி அவருடைய கால் கட்டைவிரலைப் பிடித்தேன். இறுக்கி ஒரு அழுத்து அழுத்தினேன்.

அப்பா மூச்சை இழுத்து விட்டார். பிறகு சால்வையை என் கழுத்துவரை இழுத்துச் சரிசெய்தார். எழுந்தார், என்னைப் பார்த்துக் கும்பிட்டார், கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார், வந்த வழியே இறங்கிப் போய்விட்டார். அரங்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இன்னும் யாரோ. கதாநாயகி தன் கடைசிச் சுரத்தை எழுதியிருந்ததைவிட நீளமாகப் பிடித்தாள், அவள் கண்ணீர் ஒன்று என் காதில் சொட்டியது. ஒத்திகையில் ஒருநாளும் அவள் அழுததில்லை.

காட்சி முடிந்து திரை விழுந்ததும் சால்வையைச் சுருட்டிக்கொண்டு மூலையில் போய் நின்றேன். இயக்குநர் நேராக என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்பதற்கு ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

“யார் அந்தப் பெரியவர்? எந்த நாடகக் குழு?” என்றார்.

என் அப்பா என்றேன். நாடகம் முடிந்ததும், வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனார். அங்கே வேனுக்குப் பக்கத்தில் புளிச்சோற்று டப்பா திறந்தாகிவிட்டது. இன்னும் இரண்டு நாள் நாடகம் இருக்கிறது, இரண்டு நாளும் நீங்கள் வந்து இன்றைக்குச் செய்ததை அப்படியே செய்ய வேண்டும் என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தக்காளி மண்டியில் பழகிய கன்னடத்தில் அவருக்குப் பதில் சொன்னார். நான் நடுவில் தேவைப்படவே இல்லை. நான்கு வருடம் கும்பலில் நின்று நான் ஆறு வரி வாங்கினேன். அவர் ஒரே சாயங்காலத்தில் வேடம் வாங்கிவிட்டார்.

“தக்காளிப் பறிப்பு இருக்குதுங்கம்மா, ஆள் வரச் சொல்லியிருக்கறன்” என்றார் அப்பா. இயக்குநர் விடவில்லை. காலையில் போய்விட்டுச் சாயங்காலம் வரலாமே, கார் அனுப்புகிறேன் என்றார். அப்பா கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“அதுக்கில்லீங்க. செத்துக் கெடக்கற புள்ளய ஒருதரம் பாத்ததே போதுங்க. திரும்பவும் பாக்க என்னால ஆவாது.”

இயக்குநர் தலையாட்டிவிட்டு அத்தை கொடுத்த புளிச்சோற்றை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கிளம்பும்போது அம்மாவுக்கு ஆற்றாமை. “இவ்ளோ தூரம் வந்து ஒரு பாட்டுகூடக் கேக்கலியே.” அதனால் வேன் முன்னால் நின்று என் ஆறு வரியையும் பாடினேன். வாத்தியம் இல்லை, மைக் இல்லை. பாடி முடிப்பதற்குள் வாசலில் நின்ற செக்யூரிட்டி இரண்டு பேர் ஓடிவந்துவிட்டார்கள். “அவ்ளோதானா?” என்றார் அத்தை. அப்பா வேன் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றிருந்தார்.

“இந்தக் கொரலயா குத்திப்புட்டானுங்க?” என்றார். கதாநாயகன் அங்கிருந்தால் ஒரு கை பார்த்திருப்பார்.

அடுத்த இரண்டு நாளும் என்மேல் சால்வை போட யாரும் வரவில்லை. சாதாரணமாகச் செத்தேன். கதாநாயகி அழவில்லை.

இரண்டு மாதம் கழித்து இயக்குநர் கூப்பிட்டு அடுத்த வருட வேடத்தைச் சொன்னார். பெரிய வேடம்தான், மூன்று அங்கத்திலும் வருகிறேன், தனியாக நான்கு பாட்டு. அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினேன், விடுதியில் மேல்மாடிக்காரர் தரையைத் தட்டினார். உடனே அப்பாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பெரிய வேடமா, சந்தோஷம் கண்ணு என்றார். பிறகு ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

“இதுலயும் சாவறயா?”

நான் இழுத்தேன். “கடைசில சாவறன்பா. கடைசிக் காட்சில.”

“சரி. அப்ப இந்தத் தரம் வேன நேரத்துலயே எடுத்துனு வந்து, நீ பாடற பாட்டெல்லாம் கேட்டுக்கறோம். நீ சாவறதுக்கு முந்தி கெளம்பிடறோம்.”